எறும்பு மொய்த்த பால்துணி

இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. மடியில் கைக்குழந்தை வைத்திருப்பவள் முன்னால் வரட்டும், இந்தக் கதை முக்கியமாக அவளுக்குத்தான். பயமான கதை. நடுவில் நெஞ்சு அடைத்தால் பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் உங்களை இருட்டில் விட்டுவிட்டுப் போக மாட்டேன். வெளிச்சத்தில் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு.

எழுபத்தெட்டாம் வருஷம். முதலியார்பேட்டையில், மில்லுச் சங்கு ஊதினால் ஓடு அதிரும் தூரத்தில் ஒரு வீடு. அதில் மூன்று பேர். முருகையன் மில்லில் பாய்லருக்குக் கரி தள்ளுகிறவன். ஆதிலட்சுமி அவன் மனைவி. செல்வாம்பாள் அவனுடைய அக்கா. செல்வாம்பாளுக்குப் புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான், பிள்ளை இல்லை. தாயில்லாத தம்பியை அவனுடைய ஒன்பது வயதிலிருந்து அவள்தான் வளர்த்தாள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில். அவள் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அவள் பெட்டியில் ஒரு வெள்ளிப் பாலாடை இருந்தது. மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம் போல இருக்குமே, கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவது, அதுதான். தம்பி கல்யாணத்தன்றே வாங்கி வைத்தது. தம்பிக்குப் பிள்ளை பிறந்ததும் அதன் நாக்கில் முதல் சொட்டு சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்க வேண்டியது அத்தைதான் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சேனை வைப்பது என்று நாம் சொல்வோமே, அது.

ஆனால் அந்தப் பாலாடை இரண்டு முறை வெளியே வந்து, இரண்டு முறையும் பெட்டிக்குள் திரும்பிவிட்டது. ஆதிலட்சுமிக்கு முதலில் பிறந்தது ஒரு பகல் ஒரு இரவு இருந்தது. இரண்டாவது, பிறந்த அன்றே பொழுது சாயும் நேரத்தில் போய்விட்டது. இரண்டும் கொழுகொழுவென்று பெரிய பிள்ளைகள். ஏன் போயின என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டையும் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தவள் செல்வாம்பாள்தான்.

மூன்றாவது முறை ஆறாம் மாதத்தில் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோதுதான் ஆதிலட்சுமிக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெரிந்தது. இனிப்பைத் தொடக்கூடாது, வாராவாரம் வந்து காட்டவேண்டும், வலி எடுப்பதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடவேண்டும் என்றார்கள். முன்னே போன இரண்டுக்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

செல்வாம்பாளும் கூடப் போயிருந்தாள். பின்கட்டில் ஆதிலட்சுமி ஒதுங்கும் இடத்தில் எறும்பு மொய்ப்பதை அவள் எத்தனையோ நாள் பார்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டிருக்கிறாள். அதற்கு அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் சர்க்கரை டப்பா, வெல்லப் பானை, கற்கண்டுப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்தாள். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவின் வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

"என்னாக்கா இது, சீரு வரிசையா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"எங்க வூட்டு எமனுடி. நீயே வெச்சிக்க."

"நல்லா இருக்குதே! உங்க வூட்டு எமன எங்க வூட்ல குடி வெக்கிறியா?"

"நீ அஞ்சு பெத்தும் உனக்கு ஒண்ணும் ஆவல. உன்ன அது ஒண்ணும் பண்ணாது."

அன்றிலிருந்து முருகையனுக்குக்கூட உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர்தான். காப்பி வேண்டுமானால் மில்லு வாசல் டீக்கடையில் குடித்துவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வருவான்.

ஆஸ்பத்திரியில் சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே, ஒரு விடியற்காலையில் வலி எடுத்துவிட்டது. ரிக்‌ஷா கூப்பிடப் போன முருகையன் திரும்புவதற்குள் பிள்ளை தலையைக் காட்டிவிட்டது. நல்லவேளை, அதே தெருவில் மருத்துவச்சி ஆயம்மா இருந்தாள். ஏழு மணிச் சங்கு ஊதுவதற்கு முன் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. ஒன்பது பவுண்டு இருக்கும். கன்னம் இரண்டும் தொங்கியது.

"அடேங்கப்பா, மூணு மாசத்துப் புள்ள மாதிரி இருக்குது பாரு," என்று சிரித்தாள் ஆயம்மா. "உடனே மாரு குடு, தாயி. வெயில் ஏறங்காட்டியும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டும்போயி காமிச்சிடுங்க. எனக்குத் தேங்காய்த்திட்டுல ஒருத்தி துடிச்சிகிட்டு இருக்கா, நான் ஓடறேன்."

"சரிம்மா, சரி," என்றாள் செல்வாம்பாள். முருகையன் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்கு ஓடினான். பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே, மூன்று மணிக்கு அவன் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம் என்று முடிவானது.

இப்போதுதான், கண்ணுகளா, அந்தத் தப்பு நடந்தது. கெட்ட எண்ணத்தில் நடந்ததல்ல. நம் வீடுகளில் அந்தக் காலத்தில் முதல் பாலைக் கறந்து கீழே ஊற்றிவிடுவார்கள், தெரியுமில்லையா? மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பால். செல்வாம்பாளும் ஒரு வெள்ளைத் துணியில் அதைப் பிழிந்தெடுத்து, சன்னல் ஓரம் போட்டாள். அரை மணி கழித்துத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். துணி கறுத்துக் கிடந்தது. எறும்பு!

துணியின் நுனியைப் பிடித்து ஆதிலட்சுமியிடம் காட்டினாள்.

"பாத்தியாடி? உன் பாலே சக்கரையா இருக்குது. இதக் குடுத்துதான் ரெண்டும் போச்சி."

"அண்ணி, ஆயம்மா குடுக்கச் சொன்னாங்களே..."

"ஆயம்மா இந்தத் துணியப் பாத்தாளா? வெசம்டி இது. என் கண்ணெதிர்க்க இன்னொண்ண வாரிக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஆதிலட்சுமி துணியைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு எதைத்தான் நம்புவது என்று தெரியும்? ரவிக்கையை இழுத்து மூடிக்கொண்டு அழுதாள். செல்வாம்பாள் சேனையும் வைக்கவில்லை. பத்து வருஷ ஆசையைப் பிள்ளை உயிருக்காக விட்டுக்கொடுத்தாள். கொதித்து ஆறிய வெறும் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிள்ளை உதட்டில் தடவினாள். அவ்வளவுதான் ஆகாரம்.

பிள்ளை அழவே இல்லை. தூங்கிக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கும் தூக்கம், பன்னிரண்டுக்கும் தூக்கம்.

"என்னா பொறும பாரு என் தங்கத்துக்கு! அவங்கப்பனும் இப்படித்தான், பசின்னு வாயத் தொறக்க மாட்டான்," என்று செல்வாம்பாள் பெருமைப்பட்டாள். கை இரண்டும் வெடவெடவென்று உதறியபோது, "கனா காணுது," என்றாள். கால் சில்லிட்டபோது இன்னொரு துணி சுற்றினாள். ஆனால் ஆதிலட்சுமியின் கண் பிள்ளையை விட்டு நகரவில்லை. வெயில் சன்னலை விட்டு இறங்கும் நேரத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணி. ரெண்டாவதும் இப்படித்தான் தூங்கிச்சி."

செல்வாம்பாளின் கையில் இருந்த விசிறி நின்றுவிட்டது.

அந்த நேரத்துக்குத்தான் சின்னப்பொண்ணு, கையில் பத்தியக் கஞ்சியோடு வந்தாள். "என்னா இது, புள்ள பொறந்த வூடா, பள்ளிக்கூடத்து லீவு நாளா? ஒரு சத்தத்தயும் காணோம்!" என்று சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தொட்டவள் சிரிப்பை நிறுத்தினாள். துணியை விலக்கினாள். உள்ளங்காலில் சுண்டினாள். பிள்ளை முகம் சுளிக்கவில்லை. இன்னும் ஓங்கிச் சுண்டினாள். கையைத் தூக்கி விட்டால், ஈரத்துணி போலத் தொப்பென்று விழுந்தது.

"எப்ப பால் குடிச்சிது?"

செல்வாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்ப குடிச்சிதுன்னு கேக்கறேன்!"

"குடுக்கல," என்றாள் ஆதிலட்சுமி.

சின்னப்பொண்ணு வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே தெருவுக்கு ஓடி ரிக்‌ஷாவை நிறுத்தினாள். அதுவரை அண்ணி பேச்சைத் தட்டாத ஆதிலட்சுமி, ரத்தப்போக்கு நிற்காத உடம்போடு சுவரைப் பிடித்து எழுந்தாள். "எம் புள்ளய எங்கிட்ட குடுங்க," என்றாள். செல்வாம்பாள் கொடுத்தாள்.

"நான் மில்லு வாசலுக்குப் போயி உந்தம்பிய அனுப்பறேன், நீங்க போங்க!" என்று சின்னப்பொண்ணு கத்தினாள்.

ரிக்‌ஷாக்காரர் எழுந்து நின்று மிதித்தார். முதலியார்பேட்டையிலிருந்து பெரியாஸ்பத்திரி எத்தனை தூரம்? சும்மா போனால் வெற்றிலை மடித்துப் போட்டு மெல்லுகிற நேரம். அன்றைக்கு அந்தத் தெரு முடியவே இல்லை. பாதி வழியில் பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல நிறம் மாறியது. மூச்சு ஒரு தரம் வந்தது. அடுத்தது வரவில்லை. ஆதிலட்சுமி முகத்தோடு முகம் வைத்து ஊதினாள், கன்னத்தைக் கிள்ளினாள், "ஏ, ஏ, இங்க பாரு," என்று உலுக்கினாள். விக்கினதுபோல ஒரு சத்தம். மூச்சு திரும்ப வந்தது. பின்னால் தூரத்தில் மூன்று மணிச் சங்கு ஊதியது. செல்வாம்பாளுக்கு அது வேறு சங்காகக் காதில் விழுந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கியதும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "அம்மாவுக்குச் சக்கரை வியாதி உண்டா?"

"உண்டும்மா," என்றாள் செல்வாம்பாள். "அதனாலதாம்மா நான் பாலே..."

டாக்டரம்மா அதற்குமேல் கேட்க நிற்கவில்லை. நர்சு சுலோசனா குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை விரல் நீளத் தாள்பட்டையில் வைத்தாள். ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, தண்ணீரில் அலசினாள். நீலம் பாய வேண்டிய தாள் வெளுத்தபடியே இருந்தது.

"ரத்தத்துல சக்கரையே இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "மூளைக்குப் போக ஒண்ணும் இல்ல. உடனே ஏத்தணும்."

தலையில் ஒரு ஓரம் முடியை மழித்து, நூல் போன்ற நரம்பில் ஊசி போட்டார்கள். முதலில் ஊசியிலேயே மருந்து. பிறகு மேலே ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக. ஆதிலட்சுமி மயங்கிச் சரிந்ததால் அவளைப் பிரசவ வார்டில் படுக்க வைத்தார்கள். பிள்ளை பக்கத்தில் செல்வாம்பாள் மட்டும்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் உதட்டில் சிவப்பு திரும்பியது. உதறலும் நின்றது. செல்வாம்பாள் பயந்து பயந்து நர்சைக் கேட்டாள்:

"பாட்டில்ல என்னாம்மா இருக்குது?"

"குளுக்கோசு."

"அப்படின்னா?"

"சக்கரைத் தண்ணிதாம்மா." அடுத்த கட்டிலில் ஒரு பிள்ளை வீறிட்டது. சுலோசனா அங்கே போய்விட்டாள்.

சர்க்கரைத் தண்ணீர். செல்வாம்பாள் பாட்டிலை அண்ணாந்து பார்த்தாள். எத்தனை பெரிய பாட்டில்! எறும்பு மொய்த்த துணி அவள் கண்ணில் வந்து நின்றது. அம்மாவுக்கு வியாதி என்று சொல்லியும் ஏற்றுகிறார்களே. இந்த டாக்டரம்மாவுக்கு என்ன வயசு இருக்கும்? அவசரத்தில் காதில் வாங்கவில்லையோ? பிள்ளைக்குத்தான் சரியாகிவிட்டதே, இன்னமும் ஏன் ஏற்றுகிறார்கள்? பத்து சொட்டு பார்த்தாள். இருபது பார்த்தாள். குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதை உருட்டித்தான் சுலோசனா சொட்டைக் கூட்டியதும் குறைத்ததும். செல்வாம்பாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்தச் சக்கரத்தை உருட்டினாள். சொட்டு நின்றது.

அவள் மனசின் பதைப்பும் நின்றது. அப்பாடா என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முருகையன் மில்லு அழுக்கோடு, கையில் ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாயோடு ஓடிவந்தான். பொண்ணு பிறந்ததற்காகக் கூட வேலை செய்பவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம். "அக்கா, எப்படி இருக்குது?" என்றான்.

"நல்லா இருக்குதுடா," என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் பிடித்திருந்த சின்னக் கை துடித்தது. விட்டது. மறுபடி துடித்தது. பிறகு ஒரு பக்கம் முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகியது.

"அய்யோ அம்மா! யாராவது வாங்களேன்!" முருகையன் போட்ட கூச்சலில் மிட்டாய் தரையெல்லாம் உருண்டது.

சுலோசனா ஓடிவந்து குழாயைப் பார்த்தாள். சொட்டு விழவில்லை. "நரம்பு அடச்சிகிச்சி டாக்டர்! ஊசிய எடுத்திட்டு வேற நரம்பு பாக்கணும்!" தலையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரிக்கக் கை வைத்தாள். டாக்டரம்மா குனிந்து பிள்ளையின் கையிலும் காலிலும் நரம்பைத் தேடினார். "ஒண்ணும் கெடைக்கலியே... கெடைக்கலியே," என்று அவர் உதடு முணுமுணுத்தது.

செல்வாம்பாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். வாய் திறந்தால் தம்பி தன்னைக் கொலைகாரியாகப் பார்ப்பான். ஆதிலட்சுமி இனி முகத்தில் விழிப்பாளா? வாய் திறக்காவிட்டால் அந்த ஒரே நரம்பும் போய்விடும். மூன்றாவது பிள்ளைக்கும் துணி சுற்ற வேண்டியதுதான். பிளாஸ்திரி பாதி உரிந்துவிட்டது.

"ஊசிய எடுக்காதீங்க!" என்று அலறினாள். "நான் மூடிட்டேன். அடைப்பு இல்லம்மா, நாந்தான் மூடினேன்!"

ஒரு நொடி எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சுலோசனா சக்கரத்தைத் திருப்பினாள். சொட்டு விழுந்தது. மறுபடி ஊசியில் மருந்து. டாக்டரம்மா பிள்ளை நெஞ்சில் விரலை வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தார். இழுப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அடங்கியது. கண் கீழே இறங்கி, மூடி, திறந்தது.

முருகையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஏங்கா?" என்றான். அந்த ஒரு சொல்தான்.

"சக்கரைடா அது," என்றாள் செல்வாம்பாள். "நம்ம ரெண்டு புள்ளைங்களயும்..."

டாக்டரம்மா திட்டுவார் என்று சுலோசனா காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு செல்வாம்பாளின் எதிரே உட்கார்ந்தார்.

"இதக் கேளுங்கம்மா. அம்மா ரத்தத்துல சக்கரை ஜாஸ்தி. வயித்துல இருக்கிற வரைக்கும் அது புள்ளைக்கும் போய்க்கிட்டே இருந்துச்சி. அதையெல்லாம் எரிச்சித் தள்ளப் புள்ள ஒடம்பு பழகிடுச்சி. தொப்புள்கொடிய அறுத்ததும் வர்றது நின்னுபோச்சி. எரிக்கிறது மட்டும் நிக்கல. ரெண்டு மூணு நாளு அப்படித்தான் எரியும். அது வரைக்கும் நாம குடுத்துக்கிட்டே இருக்கணும்."

முருகையன் நிமிர்ந்தான். "அக்கா, நம்ம பாய்லரு மாதிரி. உள்ள தீ முழுசா எரியறப்ப கரி தள்றத நிறுத்தினா? ஆவி மீட்டரு முள்ளு சரசரன்னு எறங்கிடும். மில்லே நின்னுபூடும்."

"அப்போ அந்தப் பாலு?" என்றாள் செல்வாம்பாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எறும்பு மொய்ச்சிதே..."

"தாய்ப்பாலுன்னா எல்லாத்துலயும் இனிப்பு இருக்கும்மா. வியாதிக்காரி பாலுன்னு இல்ல. அந்த மொதப் பால்தான் புள்ளைக்கு மருந்து. நீங்க மூடினத உடனே சொன்னீங்களே, அதனாலதான் இப்ப நரம்பு இருக்குது. இனிமே என்னா பண்ணணும்னு நான் சொல்றேன். உங்க கையாலயே பண்ணணும்."

அந்த இரவு எப்படிப் போனது என்று விரிக்க மாட்டேன்; நீங்களும் தூங்க வேண்டுமே. மணிக்கொரு தரம் குதிகாலில் குத்தல், தாள்பட்டை, கடிகாரம். ஒரு தரம் லேசாக நீலம், அடுத்த தரம் மறுபடி வெளுப்பு. விடிகாலையில்தான் நிறம் நிலைத்தது.

காலையில் சின்னப்பொண்ணு வந்தாள். செல்வாம்பாள் சொல்லியனுப்பியபடி பெட்டியைத் திறந்து, வெள்ளிப் பாலாடையைக் கொண்டுவந்திருந்தாள். சுலோசனா அதை வாங்கிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்தாள். பிரசவ வார்டில் ஆதிலட்சுமி சுத்தமான கிண்ணத்தில் பால் பீய்ச்சினாள். மஞ்சளாக, கொஞ்சம்தான் வந்தது. செல்வாம்பாள் கிண்ணத்தை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றாள், கண்ணைப் பார்க்கவில்லை.

"நான் உன் பால வெசம்னு சொன்னேன்டி."

ஆதிலட்சுமி கிண்ணத்தை அவள் கையில் வைத்தாள். "சிந்தாம எடுத்துக்கிட்டுப் போங்க, அண்ணி," என்றாள். மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். அவள் அதைத்தான் சொன்னாள்.

அந்த நடையைப் பார்க்க வேண்டுமே! மூன்று வார்டு தாண்டி, கிண்ணத்தின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துக்கொண்டு, எதிரே வந்த டாக்டருக்குக்கூட வழிவிடாமல் வந்தாள். பிள்ளையின் தலையைக் கையில் தாங்கி, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்தாள். முதல் சொட்டு நாக்கில் விழுந்தது. பிள்ளை சப்பியது. இரண்டாவது. மூன்றாவதை விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தது. பாலாடை காலியானதும் உதட்டைச் சப்பிக்கொண்டு காத்திருந்தது. பிறகு முகம் சிவந்து, கை இரண்டையும் முறுக்கி, வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல் கத்தியது.

"அய்யய்யோ, என்னாம்மா ஆச்சி?" என்று பதறினாள் செல்வாம்பாள்.

"ஒண்ணும் ஆவல," என்றாள் சுலோசனா. "பசிக்குதாம். இன்னும் கேக்குது."

அந்த வீட்டில் பிறந்த மூன்று பிள்ளைகளில் பசி என்று கேட்ட முதல் பிள்ளை அதுதான். செல்வாம்பாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினாள். ஓடும்போது சிரித்தாளா அழுதாளா, பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

"ஏங்கா," என்று பின்னாலிருந்து கத்தினாள் சின்னப்பொண்ணு, "எங்க வூட்ல இருக்கிற எமன எப்ப வந்து அழச்சிகிட்டுப் போவ?"

நாலாம் நாள் பாட்டிலை எடுத்தார்கள். எட்டாம் நாள் நால்வராக வீட்டுக்கு வந்தார்கள்.

முடிந்தது, கண்ணுகளா. பிடித்த கையை இப்போது விடலாம். உங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளைகள் பசித்தால் தெருக்கோடிக்குக் கேட்க அழட்டும். அழுத வாய்க்குப் பால் தாமதமில்லாமல் கிடைக்கட்டும். பயத்தில் தப்புச் செய்த கை உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் கைக்கு உண்மையைச் சொல்ல ஒரு வாயும், அதைக் கேட்டுத் தாங்க நாலு மனசும் வாய்க்கட்டும். தொட்டில் ஆடி, துணி நிறைய நனைந்து, உங்கள் துணிக்கொடிகள் காயாமலே இருக்கட்டும்.